காற்றுக்கு முதுகு காட்டி நிறுத்துங்கள்

கேள்வி: பழைய மோட்டார்ஹோம் ஒன்று வாங்கியிருக்கிறோம். ஃபியட் டுகாட்டோ, மொத்த எடை வரம்பு 3,500 கிலோ. நான், கணவர், மகள், அம்மா என நாலு பேர். கோடையில் வேல்ஸ் கடலோரமும் கார்ன்வாலும் போகத் திட்டம். வண்டியில் ஆனிங் (வாசலோரம் விரிக்கும் நிழல் துணி) இல்லை. கடைக்காரர் வண்டிச் சுவரில் பொருத்தும் சுருள் ஆனிங்கைச் சொல்கிறார். அண்ணாவோ காற்றடித்து நிறுத்தும் கூடார ஆனிங்தான் நல்லது என்கிறார். எதை வாங்குவது? மீன் பொரித்தால் வண்டி முழுக்க வாடை. சமையலை ஆனிங்குக்குள் வைத்துக்கொள்ளலாமா?
– வாசகி, ஹாரோ, லண்டன்

பதில்: சமையலை முதலில் பேசிவிடுவோம், அது உயிர் விஷயம். வேண்டவே வேண்டாம். மூடிய துணிக்குள் காஸ் அடுப்போ கரியடுப்போ எரிந்தால் கார்பன் மோனாக்சைடு தேங்கும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. கரி அணைந்து சாம்பல் பூத்த பிறகும் மணிக்கணக்கில் அந்த வாயு வந்துகொண்டிருக்கும். மழை வருகிறதே என்று அடுப்பைக் கூடாரத்துக்குள் இழுத்து வைத்துவிட்டுத் தூங்கியவர்கள் பிரிட்டனில் இறந்திருக்கிறார்கள். அடுப்பைத் துணியின் விளிம்பைத் தாண்டி வெளியே வைத்து, காற்றுத் தடுப்பு ஒன்றைச் சுற்றி நட்டுப் பொரியுங்கள். வண்டிக்குள் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் இருக்கட்டும். இஎன் 50291-2 என்ற தர எண் போட்டதாகப் பார்த்து வாங்குங்கள், அதுதான் கேரவன், படகு போன்றவற்றுக்கானது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: மஞ்சளும் எண்ணெயும் ஒரு முறை ஆனிங் துணியில் ஏறினால் இறங்காது. சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தால் கறையோடு நீர்த்தடுப்புப் பூச்சும் போய்விடும். வெதுவெதுப்பான தண்ணீரும் மெல்லிய பிரஷும் போதும்.

இனி எதை வாங்குவது என்பது. ஓர் இடத்தில் எத்தனை இரவு தங்குவீர்கள், பகலில் வண்டியை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றுவீர்களா? இதற்கு விடை தெரிந்தால் கடைக்காரரும் வேண்டாம், அண்ணாவும் வேண்டாம். இன்று ஓர் ஊர், நாளை வேறோர் ஊர் என்றால் சுருள் ஆனிங்தான். கைப்பிடியைச் சுற்றினால் இரண்டே நிமிடத்தில் நிழல். ஃபியாமா எஃப்45, தூலே ஆம்னிஸ்டோர் 5200 போன்றவை இந்த வகை. மூன்று நான்கு இரவு ஒரே இடத்தில் தங்கி, பகலில் வண்டியோடு வெளியே போவீர்கள் என்றால் அண்ணா சொல்வது சரி. கூடாரத்தை அங்கேயே விட்டுவிட்டு வண்டியை மட்டும் எடுத்துப் போகலாம். திரும்பி வந்து அதே இடத்தில் நிறுத்துவதுதான் தலைவலி. கிளம்பும் முன் சக்கரங்களை ஒட்டி இரண்டு முளைகளை அடித்து அடையாளம் வைத்துவிடுங்கள். கூடார ஆனிங் வாங்கும்போது தரையிலிருந்து வண்டியில் துணியைச் செருகும் இணைப்புக் காடி வரை உயரத்தை அளந்து கொண்டுபோங்கள். கூடாரத்தை வண்டியோடு சேர்க்கும் இணைப்புச் சுரங்கம் தாழ்ந்தது, நடுத்தரம், உயர்ந்தது எனப் பல உயரங்களில் வரும். காடியின் அளவும் 4 மி.மீ., 6 மி.மீ. என மாறும். அது பொருந்தாவிட்டால் மழை நேரே வாசற்படியில்தான் ஊற்றும்.

அம்மாவையும் மகளையும் நினைத்தால், முதல் வருடத்துக்கு நான் சுருள் ஆனிங்கையே சொல்வேன். வெயிலோ தூறலோ, அம்மா வாசலில் உட்கார உடனே ஓர் இடம் வேண்டும். ஆனால் அது குடை, வீடு அல்ல. இரவில் விரித்துப் போட்டுத் தூங்காதீர்கள், ஆளில்லாமல் விட்டுப் போகாதீர்கள். வேல்ஸ் கடலோரத்தில் ஆனிங்கை உடைப்பது பெரும்பாலும் காற்றுதான். அடியில் புகுந்து துணியைத் தூக்கினால் ஆனிங்கின் கைகள் முறுக்கிக்கொள்ளும், சில சமயம் வண்டிச் சுவரையும் பிய்த்துவிடும். அங்கே காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வரும். இடம் அனுமதித்தால் வண்டியின் முதுகை, அதாவது வாசல் இல்லாத பக்கவாட்டை, அந்தப் பக்கம் காட்டி, வாசலை எதிர்ப்புறம் வைத்து நிறுத்துங்கள். ஆனிங்கைத் தரையோடு இழுத்துக் கட்டும் புயல் வார் போட்டு இருபுறமும் முளையடியுங்கள். துணி படபடவென்று அடிக்கத் தொடங்கினாலே சுருட்டிவிட வேண்டும், டீ குடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று இருக்கக்கூடாது.

மழைக்கு ஆனிங்கின் ஒரு காலை மற்றதைவிட ஒரு சாண் தாழ்த்தி வையுங்கள், தண்ணீர் ஒரு மூலையாக வடியும். சமமாக விட்டால் நடுவில் குளம் கட்டும். ஒரு சதுர மீட்டரில் 5 செ.மீ. தண்ணீர் நின்றாலே 50 கிலோ. எந்தக் கையும் அதைத் தாங்காது. ஈரத்தோடு சுருட்ட நேர்ந்தால் வீடு வந்ததும், அன்றோ மறுநாளோ, விரித்துக் காயவையுங்கள். இல்லாவிட்டால் கரும்பூஞ்சணம் பிடிக்கும்.

பொருத்துவதை நீங்களே செய்யாதீர்கள். சுவரில் போடும் துளை சரியாக அடைபடாவிட்டால் உள்ளே நீர் கசிந்து மரச்சட்டம் உளுத்துவிடும், வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். கதவு திறக்கும்போது அதன் மேல்மூலை துணியில் உரசாத உயரத்தில் பொருத்தச் சொல்லுங்கள்.

பணம் கொடுக்கும் முன், நாலு பேரும் தண்ணீரும் சாமான்களுமாக வண்டியை ஒரு பொது எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள். 3.5 மீட்டர் சுருள் ஆனிங் 25 கிலோ அளவுக்கு இருக்கும். தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் லிட்டருக்கு ஒரு கிலோ. 3,500-ஐத் தாண்டி ஓட்டினால் அபராதம் உண்டு. எடைமேடையிலேயே இடமில்லை என்று தெரிந்தால் ஆனிங்கை விட்டுவிட்டு, கழற்றி மடிக்கும் சாதாரண நிழல் துணி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். மிச்சப் பணத்தில் அம்மாவுக்கு ஒரு நல்ல சாய்வு நாற்காலி.