பழைய ஏடுகளை எடைக்குப் போடலாமா?

ஒரு பல்கலைக்கழகம் புவி அறிவியல் ஆராய்ச்சிக்கென நூல்நிலையம் அமைக்கிறது. நூல்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு உங்களுக்கு என்று வைத்துக்கொள்வோம். புதியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, பழையவற்றை எடைக்குப் போட்டுவிடலாமா?

நான் இயற்பியல் ஆசிரியன். தனி ஊசலின் அலைவு நேரத்தை இன்று தவறாக அளந்தால், நாளை மீண்டும் அளக்கலாம். நடந்து முடிந்த நிலநடுக்கத்தை மீண்டும் அளக்க முடியுமா?

1881 டிசம்பர் 31 அன்று காலையில், கார் நிக்கோபார் தீவருகே கடலடியில் நிலம் நடுங்கியது. அப்போது இந்தியாவில் நிலநடுக்கப் பதிவு நிலையம் ஒன்றுகூட இல்லை. ஆனால், கடல் மட்டத்தின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் ஓதமானிகள் துறைமுகங்களில் இருந்தன. கடலோடு இணைந்த கிணற்றில் ஒரு மிதவை ஏறி இறங்கும். அதற்கேற்ப, கடிகாரப் பொறியால் சுழலும் உருளையின் மேலுள்ள தாளில் பென்சில் கோடு வரையும். வங்கக் கடலைச் சுற்றியிருந்த எட்டு ஓதமானிகள் அன்றைய சுனாமியைப் பதிவு செய்தன. மிக உயர்ந்த அலைமுகடே 0.8 மீட்டர்தான். அந்தப் பதிவுகள் அரசாங்க அறிக்கையில் அச்சாகி, நூல்நிலையங்களில் உறங்கின.

2003-இல் ஓர்டிஸ், பில்ஹாம் என்ற இரு அறிஞர்கள் அவற்றைக் கையில் எடுத்தனர். சுனாமியின் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது. 3,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு ஏறத்தாழ 600 கிலோமீட்டர். ஆகவே, அலை வந்து சேர்ந்த நேரங்களிலிருந்து அது புறப்பட்ட இடத்தையும், அலையின் உயரத்திலிருந்து கடல்தளம் பெயர்ந்த அளவையும் கணிக்கலாம். 122 ஆண்டுகளுக்குப் பின், அந்த நடுக்கத்தின் அளவு 7.9 எனத் தெரிந்தது! மறு ஆண்டே, 2004 டிசம்பர் 26 அன்று, அதே தட்டு எல்லையில் எழுந்த பெரும் சுனாமி நம் கரையைத் தாக்கியது. அந்த எல்லையின் முந்தைய நடத்தையை அறியப் பழைய ஏடுகள் எவ்வளவு தேவை என்பது விளங்குகிறதல்லவா?

ஆகவே, நம் நூல்நிலையத்தில் இருக்க வேண்டியவை:

1. ஆய்விதழ்கள், முதல் தொகுதியிலிருந்து விடுபடாமல். இந்திய நிலவியல் ஆய்வுத் துறை தொடங்கிய ஆண்டு 1851. அதன் பழைய வெளியீடுகள் இன்றும் பயன்படுகின்றன.

2. நிலவியல் வரைபடங்கள், கடலாழப் படங்கள். இவற்றை மடிக்காமல், அகன்ற இழுப்பறைகளில் வைக்க வேண்டும்.

3. ஓதம், மழை, நிலநடுக்கம் பற்றிய அளவீட்டுப் பதிவுகள்.

"எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிவிட்டால் போதாதா?" என்று கேட்பீர்கள். ஏற்ற வேண்டியதுதான். ஆனால், நூலின் கடைசியில் மடித்து வைத்த படத்தை விரிக்காமலே படமெடுத்துவிடுவதும் உண்டு. மூலப் பிரதி இருந்தால்தான் அதைத் திருத்த முடியும்.

அடுத்த முறை பழைய நூல் ஒன்றைத் திறக்கும்போது, பின் அட்டையின் உட்புறத்தையும் பாருங்கள். அங்கே ஒரு படம் மடிந்து கிடக்கலாம். கிழியாமல் மெல்ல விரியுங்கள்!