புரண்டு படுத்தால் சுற்றும் தலை: பித்தமா, உட்காதா?

படுக்கையில் புரளும்போதோ, பரணை அண்ணாந்து பார்க்கும்போதோ அறையே சுழல்வதுபோல் தோன்றி, ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும் தலைசுற்றலைப் பித்தம் என்றும், இரத்த அழுத்தக் குறைவு என்றும், கழுத்தெலும்புத் தேய்மானம் என்றும் கொள்ளும் நம்பிக்கை இன்றும் பரவலாக உள்ளது. உண்மையில் இவ்வகைத் தலைசுற்றலுக்குப் பெரும்பாலும் காரணமாவது உட்காதுதான்.

உட்காதில் யூட்ரிகிள் என்னும் நுண்பை ஒன்று உண்டு. புவியீர்ப்பை உணர உதவும் கால்சியம் கார்பனேட் படிகங்கள், அதாவது செவிக்கற்கள், அதனுள் ஒரு மென்படலத்தின்மீது பதிந்திருக்கின்றன. முதுமையாலோ, தலையில் அடிபட்டதாலோ, பல வேளைகளில் காரணம் புலப்படாமலோ அவற்றுள் சில பெயர்ந்து, தலையின் சுழற்சியை உணரும் மூன்று அரைவட்டக் குழல்களுள் ஒன்றில், பெரும்பாலும் பின்புறக் குழலில், புகுந்துவிடுகின்றன. தலை சாயும்போது இக்கற்கள் நகர்ந்து குழலிலுள்ள திரவத்தை அசைப்பதால், அசைவு நின்ற பிறகும் தலை சுழல்வதாக மூளைக்குத் தவறான செய்தி போகிறது. கற்கள் அடியில் தங்கியதும் சுழற்சி ஓய்கிறது.

இரத்த அழுத்தம் தாழ்வதால் வரும் கிறுகிறுப்பு எழுந்து நிற்கையில் வருமேயன்றி, படுத்தபடி புரள்கையில் வருவதில்லை. நடுவயதைக் கடந்த பலரின் எக்ஸ்ரேயில் கழுத்தெலும்புத் தேய்மானம் தெரியும் என்பதால், அதையே தலைசுற்றலுக்குச் சான்றாகக் காட்டிக் கழுத்துப்பட்டை அணிவிப்பது பொருந்தாது.

ஸ்கேன் எடுத்தால்தான் நோய் தெரியும் என்பதே இவற்றுள் மிகுந்த செலவு வைக்கும் நம்பிக்கை. இடம்பெயர்ந்த கற்கள் வழக்கமான ஸ்கேனில் புலப்படா. அவற்றைக் காட்டிக்கொடுப்பவை கண்கள். 1952இல் டிக்ஸ், ஹால்பைக் என்னும் மருத்துவர்கள் விவரித்த சோதனையில், அமர்ந்திருப்பவரின் தலையை 45 பாகை ஒரு பக்கம் திருப்பி, கட்டில் விளிம்புக்கு வெளியே தலை சற்றுத் தாழும்படி விரைவாகப் படுக்கவைக்கின்றனர். பின்புறக் குழலில் கற்கள் இருப்பின், சில நொடிகள் கழித்து விழிகள் மேல்நோக்கித் துடித்தபடி, தாழ்ந்திருக்கும் காதின் பக்கமாகச் சுழன்று, பின்னர் அடங்குகின்றன. எந்தக் காதில் கோளாறு என்பதும் இதிலேயே தெரிந்துவிடுகிறது.

மாத்திரைகள் குமட்டலைத் தணிக்கலாமே தவிர, கற்களை நகர்த்தா; மாதக்கணக்கில் அவற்றை விழுங்கும் முதியோர் தள்ளாடி விழும் அபாயமும் கூடுகிறது. ஜான் எப்லி என்னும் அமெரிக்க மருத்துவர் 1992இல் வெளியிட்ட முறைப்படி, தலையைக் குறிப்பிட்ட நிலைகளில் வரிசையாகத் திருப்பிக் கற்களை மீண்டும் யூட்ரிகிளுக்குள் செலுத்தும் சிகிச்சை சில நிமிடங்களே பிடிக்கும். பெரும்பாலோர் ஓரிரு முறையிலேயே குணமடைகின்றனர், எனினும் நோய் சிலருக்குத் திரும்பவும் வரக்கூடும்.

ஆயினும் எல்லாத் தலைசுற்றலும் உட்காதுக் கற்களால் வருவதன்று. சுற்றல் ஓயாது நீடித்தாலும், பேச்சு குழறினாலும், பார்வை இரட்டித்தாலும், கை கால் மரத்தாலும், நடக்கவே இயலாது போனாலும் அது பக்கவாதத்தின் அறிகுறியாகலாம் என்பதால் தாமதமின்றி மருத்துவமனையை அடைய வேண்டும். மற்றவர்கள் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம், எந்த அசைவில் தலை சுற்றுகிறது, எத்தனை நொடி நீடிக்கிறது என்ற இரண்டையும் முதலிலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும்.