வாதம் தணிந்தபின் எஞ்சி நிற்கும் மூட்டுவலி

ஆரணிப் பட்டின் சிறப்பைக் கைத்திறன் என்று சொல்லுவது வழக்கம். கால்திறனும் அதிற் சேர்ந்ததே என்பதை நெசவாளர் அறிவர். குழித்தறியின் விளிம்பில் அமர்ந்து, பள்ளத்தினுள் மிதிகட்டைகளை மாறி மாறி அழுத்தும் பாதங்களே பாவைப் பிரித்து நாடாவுக்கு வழிவிடுகின்றன. கால் பெருவிரலில் வலி கண்டால், கை எவ்வளவு தேர்ந்ததாயினும் தறி நின்றுவிடும். தறி நின்றால் கூலியும் நின்றுவிடும். ஆதலின், பெருவிரலையே பெரும்பாலும் முதலில் தாக்கும் ஒரு வாத நோயையும், அதன் கடுமை தணிந்த பின்னும் எஞ்சி நிற்கும் வலியையும் பற்றி இம்மாதப் பாடத்தில் ஆராய்வோம்.

நோயின் காரணம்

கீல்வாதம் என்று நாம் பொதுவாகக் குறிப்பிடும் மூட்டு நோய்கள் பல. அவற்றுள் ஒன்று 'கவுட்' எனப்படும் யூரிக் அமில வாதம். நம் உடலின் உயிரணுக்களிலும் உண்ணும் உணவிலும் பியூரின் என்னும் பொருள் உண்டு. அது சிதைந்து யூரிக் அமிலமாகிறது. அதன் பெரும்பகுதியைச் சிறுநீரகங்கள் வெளியேற்றுகின்றன. வெளியேற்றம் குறைந்தாலோ, உற்பத்தி மிகுந்தாலோ, அது இரத்தத்தில் தேங்குகிறது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறக்குறைய 6.8 மில்லிகிராமுக்கு மேற்பட்டால், அது முழுவதும் கரைந்திருக்க இயலாமல் ஊசி போன்ற நுண்ணிய படிகங்களாக மூட்டுக்களில் படிகிறது. உடலின் பிற பகுதிகளைவிடக் குளிர்ந்த பாதங்களில் இப்படிவு எளிதில் நேரும்.

பட்டுப்புழு வளர்க்கும் நம் விவசாய அங்கத்தினர்கள் இந்த யூரிக் அமிலத்தை நாள்தோறும் கண்ணாற் காண்கின்றனர். புழுவின் தோல் பால்போல் வெண்மையாயிருப்பதற்கு அத்தோலில் சேர்ந்துள்ள யூரிக் அமிலத் துகள்களே காரணம். புழுவுக்கு அது நோயன்று. மனிதனின் மூட்டில் புகுந்தாலோ பெருந்துன்பம்.

இந்நோய்க்கும் யூரிக் அமிலத்துக்கும் உள்ள தொடர்பை நிலைநாட்டியவர் இலண்டன் வைத்தியர் ஆல்பிரெட் காராட். 1848ஆம் ஆண்டில் நோயாளிகளின் இரத்தத்தில் அவ்வமிலம் மிகுந்திருப்பதை அவர் காட்டினார். பின்னர் 1854இல் எளிய சோதனை ஒன்றையும் வெளியிட்டார். இரத்தத்திலிருந்து பிரிந்த தெளிநீரில் சிறிது அசெட்டிக் அமிலம் சேர்த்து, துணியிலிருந்து பிரித்த ஓரிரு நூலிழைகளை அதில் இட்டு வைத்தால், அவ்விழைகளின் மேல் படிகங்கள் வந்து ஒட்டிக்கொள்ளும். நூலையே வாழ்வாகக் கொண்ட நமக்கு இச்சோதனை எளிதில் விளங்கும்.

வலி ஏன் எஞ்சுகிறது?

நோய் தாக்கும்போது, பெரும்பாலும் இரவில், மூட்டு திடீரென வீங்கிச் சிவந்து, போர்வை பட்டாலும் பொறுக்க முடியாத வலி உண்டாகும். ஒரு வாரம் அல்லது இரண்டு வாரங்களில் அது பொதுவாகத் தணியும். ஆயினும் சிலருக்கு மந்தமான வலியும் விறைப்பும் தொடர்கின்றன. இதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, வீக்கம் வடிந்தாலும் படிகங்கள் மூட்டிலேயே தங்கியிருப்பது. அடுப்பு அணைந்ததுபோல் தோன்றினும் சாம்பலுக்கடியில் தணல் இருப்பதைப் போன்றது இது. இரண்டாவது, பலமுறை தாக்குண்ட மூட்டில் குருத்தெலும்பும் எலும்பும் அரிக்கப்படுவது. மூன்றாவது, வலிக்கு அஞ்சி அசைக்காமல் வைத்த மூட்டு விறைத்துப்போவதும், நொண்டி நடப்பதால் முழங்காலும் இடுப்பும் மிகுந்த பாரம் தாங்குவதும்.

ஆகவே, வலி நின்றது என்பதால் நோய் நின்றதாகக் கொள்ளலாகாது. இப்பாடத்தின் சாரம் இதுவே. இரண்டு வாரங்களுக்கு மேல் வலி நீடித்தால் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். காய்ச்சலும் குளிரும் சேர்ந்து மூட்டு கொதித்தால், அது கிருமிகளால் வந்த சீழாகவும் இருக்கக்கூடும். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுதல் அவசியம்.

தறிக்குத் திரும்பும் முறை

வீக்கமும் சூடும் உள்ள நாட்களில் காலை உயர்த்தி வைத்து ஓய்வு கொள்க. துணியிற் சுற்றிய பனிக்கட்டியைப் பத்துப் பதினைந்து நிமிடங்கள் வைக்கலாம். கொதிக்கும் மூட்டை எண்ணெயிட்டு அழுத்தித் தேய்ப்பதும், சுடு ஒற்றடம் இடுவதும் வேதனையை மிகுவிக்கக்கூடும்.

வீக்கம் வடிந்தபின் ஓய்வையே நீட்டிப்பது தவறு. காலையும் மாலையும் பெருவிரலை மெல்ல மடக்கி நீட்டுக. கணுக்காலை இருபுறமும் சுழற்றுக. தரையில் விரித்த துண்டைக் கால்விரல்களாற் பற்றி இழுக்கப் பழகுக. இந்நிலையில் காலை விறைப்புக்கு வெதுவெதுப்பான நீரில் பாதத்தை வைப்பது இதமளிக்கும். பின்னர் அரைமணி நேரம் மட்டும் தறியில் அமர்ந்து பார்த்து, மறுநாட் காலையில் வலி கூடவில்லையெனில் நேரத்தைச் சிறிது சிறிதாக உயர்த்தலாம். கூடியிருந்தால் குறைத்துக்கொள்ள வேண்டும். மிதிகட்டையின் மேல் கனத்த துணி சுற்றினால் விரலுக்கு அழுத்தம் குறையும்.

மருந்தைப் பற்றி

கடையில் தாமாகவே வலி மாத்திரை வாங்கி, வலி வரும்போதெல்லாம் விழுங்கும் பழக்கம் மிகவும் அபாயமானது. அவற்றுட் பல சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிறுநீரகம் கெட்டால் யூரிக் அமிலம் மேலும் தேங்கும்.

வலியைத் தணிக்கும் மருந்துகளுள் கால்ச்சிசின் என்பது ஒன்று. நம் மாநில மலராகிய செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இப்பொருள் உண்டு. ஒட்டன்சத்திரம், மூலனூர் முதலிய பகுதிகளில் விவசாயிகள் விதைக்காகவே இதைப் பயிரிடுகின்றனர். ஆயினும் மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையே உள்ள அளவு இதில் மிகக் குறுகியது. கண்வலிக்கிழங்கு என்னும் அக்கிழங்கைத் தின்று உயிரிழந்தோர் பலர். வைத்தியர் குறித்த மாத்திரையை, குறித்த அளவில் உட்கொள்ளுவதன்றி, கிழங்கையோ விதையையோ வீட்டு மருந்தாக ஒருபோதும் உபயோகிக்கலாகாது.

தங்கிய படிகங்களைக் கரைப்பதற்கு வேறு மருந்துகள் உண்டு. அவற்றுள் முதன்மையான அலோபியூரினால், கெர்ட்ரூட் எலியன், ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் ஆகியோரின் ஆராய்ச்சியில் உருவானது. மருந்தியலில் அவர்கள் ஆற்றிய பணிக்காக 1988இல் நோபல் பரிசும் பெற்றனர். இரத்தத்தில் யூரிக் அமிலத்தை 6 மில்லிகிராமுக்குக் கீழே நிறுத்துவதே நோக்கம். அந்நிலை நீடித்தால் பழைய படிகங்களும் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், மெல்லக் கரையும். தொடக்க மாதங்களில் படிகம் கரையும்போது வலி மீண்டும் வரலாம். அது கண்டு மருந்தைத் தாமே நிறுத்துதல் கூடாது. ஆனால் தோலில் தடிப்பு கண்டால் உடனே நிறுத்தி வைத்தியரை அணுக வேண்டும்.

நோய் தாக்கிய சமயத்தில் யூரிக் அமிலம் சரியான அளவில் இருப்பதாகவே சோதனை காட்டக்கூடும். எனவே வலி தணிந்து இரண்டு முதல் நான்கு வாரங்கள் கழித்து மறுபடி சோதிக்கச் செய்க. இரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீர் பிரிக்கும் மாத்திரை உண்போர் அதனை வைத்தியரிடம் தெரிவித்தல் நன்று. சில மாத்திரைகள் யூரிக் அமிலத்தை உயர்த்தும்.

உணவு

ஈரல், சிறுநீரகம் போன்ற உள்ளுறுப்புக்கள், மிகுதியான மாமிசம், மத்தி, நெத்திலி ஆகியவற்றைக் குறைக்க வேண்டும். மதுவை, குறிப்பாகப் பீரை, விலக்குக. சர்க்கரை மிகுந்த பான வகைகளும் தீங்கானவை. பருப்பையும் கீரையையும் அறவே விடவேண்டும் என்பது தவறான எண்ணம். அவற்றை அளவோடு உண்ணலாம். தறியைவிட்டு எழ மனமின்றித் தண்ணீர் குடிக்காதிருத்தல் ஆகாது. ஒரு செம்பு நீர் அருகிலேயே இருக்கட்டும். எனினும் உணவுக் கட்டுப்பாடு மட்டுமே பலருக்குப் போதுமானதன்று; மருந்துக்கு அது துணையாகும்.

நம் கடமை

கூலி போய்விடுமே என்னும் அச்சத்தினால்தான் நெசவாளர் வீங்கிய காலோடு தறியில் இறங்குகின்றனர். கால் தேறும் வரை தார் சுற்றுதல், பாவு பிணைத்தல் போன்ற கைவேலைகளை அவருக்கு விட்டு, மிதிக்கும் வேலையைக் குடும்பத்தில் மற்றொருவர் ஏற்கலாம். பாவை முடித்துத் தரச் சிறிது அவகாசம் வேண்டுமென்று சங்கத்துக்கு முன்னதாகவே தெரிவிப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. அயலாரின் துன்பத்தில் தோள் கொடுப்பதற்கன்றோ கூட்டுறவு! பத்து நாள் பொறுமையால் பல ஆண்டு உழைப்பைக் காத்துக்கொள்ளலாம் என்பதை அங்கத்தினர் அனைவரும் நினைவிற் கொள்வார்களாக.