கப்பல் நிற்கும் ஊரிலேயே இறங்கு

அன்பு மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. அக்காவையும் அத்தானையும் கூட்டிக்கொண்டு ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து நியூரம்பெர்க் வரை ஆற்றுக் கப்பலில் வரப்போகிறாய் என்று கேட்டதும் மனம் நிறைந்துவிட்டது. கையில் நாலு காசு சேர்ந்ததும் பெற்றவர்களை நினைத்தாயே, அதற்கே உன்னை மெச்ச வேண்டும்.

நீ அனுப்பிய பயணத் திட்டத்தைப் பொறுமையாகப் படித்தேன். வெர்ட்ஹைம் என்ற சிறு ஊரில் கப்பல் காலையில் நின்று மதியம் புறப்படுகிறது. நான்கு மணி நேரம். அந்த நேரத்தை விட்டுவிட்டு, அங்கிருந்து ரோத்தன்பர்க் போகும் பேருந்துச் சுற்றுலாவைத் தேர்ந்தெடுத்திருக்கிறாய். மாலையில் வழியில் வேறொரு துறையில் கப்பலைப் பிடிக்கலாம் என்று போட்டிருக்கிறார்கள். இது வேண்டாம் என்பதுதான் என் யோசனை. காரணங்களைச் சொல்கிறேன்; கேட்டுவிட்டு நீயே முடிவு செய்.

ரோத்தன்பர்க் அழகான ஊர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் வெர்ட்ஹைமிலிருந்து போக ஒரு மணி நேரத்துக்கு மேல், திரும்ப அதே அளவு. நடுவில் கொடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்கும் வழிகாட்டியின் பின்னால் ஓட்டமும் நடையுமாக ஒரு சுற்று. அக்காவின் முழங்காலுக்கு அந்த வேகம் ஆகாது. கூட்டத்தின் வேகத்தில் நடக்க முடியாதபோது, மகன் செலவு செய்து கூட்டி வந்தானே என்று வலியை வெளியே சொல்லவும் மாட்டாள். வெர்ட்ஹைமில் கப்பல் பழைய ஊரின் காலடியிலேயே நிற்கும். பலகையைத் தாண்டி இறங்கிச் சில நிமிடம் நடந்தால் ஊருக்குள் இருப்பீர்கள். களைத்தால் கப்பலுக்கே திரும்பி வந்து படுத்துக்கொள்ளலாம். வயதானவர்களோடு பயணம் செய்பவனுக்கு இதைவிடப் பெரிய வசதி வேறில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. நான்கு மணி நேரத்தில் ஒரு ஊரை முழுதாகத் தெரிந்துகொள்ள முடியாது. ஆனால் ஒரு ஊரைப் பற்றி ஒரு விஷயத்தை நன்றாகத் தெரிந்துகொள்ள முடியும். வெர்ட்ஹைமில் அந்த ஒரு விஷயம் ஆறு. டவ்பர் ஆறு மைன் ஆற்றோடு கூடும் முனையில் இருக்கிறது அந்த ஊர். ரோத்தன்பர்க்கின் கோட்டைச் சுவருக்குக் கீழே ஓடுவதும் இதே டவ்பர்தான். நீ தேடிப் போக நினைக்கும் ஊரின் தண்ணீர் தானே நீ நிற்கும் இடத்துக்கு வந்து சேருகிறது. மைனுக்கு இந்தக் கரை பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம். எதிர்க்கரையில் தெரியும் கிராய்ட்ஸ்வெர்ட்ஹைம் பவேரியா. பொதுப்பணித் துறையில் மதகும் கால்வாயுமாகவே வாழ்ந்த அத்தானுக்கு இந்த ஊரைக் காட்டாமல் போனால் எனக்குத்தான் மனசு ஆறாது.

இறங்கியதும் கடைத்தெருவுக்கு ஓடாதே. முதலில் டவ்பர் ஆறு கலக்கும் முனைக்குப் போ. அங்கே நிற்கும் உயரமான கல் கோபுரத்தைக் கூர்ங்கோபுரம் என்று ஊரார் சொல்வார்கள். ஊர்க் காவலுக்காகக் கட்டியது. பிற்காலத்தில் சிறையாகவும் இருந்தது. சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் ஒரு பக்கம் சாய்ந்திருப்பது நன்றாகவே தெரியும். ஆற்றோரத்து மண்ணில் இத்தனை கனத்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை அத்தானே உனக்கு விளக்குவார். நீ குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்.

அங்கிருந்து ஊருக்குள் திரும்பும்போது வீட்டுச் சுவர்களின் மூலைக் கற்களைப் பார்த்துக்கொண்டே நட. வெள்ளம் எந்த மட்டம் வரை ஏறியது என்று கோடு வெட்டி, பக்கத்தில் ஆண்டைப் பொறித்திருப்பார்கள். சில கோடு இடுப்பளவு, சில தலைக்கு மேலே. அவற்றில் 1784 என்ற ஆண்டைத் தேடு. அந்தக் குளிர்காலத்தில் ஐரோப்பாவின் நதிகள் உறைந்து கிடந்தன. மேலே கனத்த பனி. பிப்ரவரிக் கடைசியில் திடீரென்று வெப்பம் ஏறி மழையும் சேர, பனிக்கட்டிப் பாளங்கள் உடைந்து, மோதி, அடைத்து, பாலங்களைப் பெயர்த்துக்கொண்டு போயின. அதற்கு முந்தைய ஆண்டு ஐஸ்லாந்தில் லாக்கி எரிமலைப் பிளவு மாதக்கணக்கில் கக்கிய புகையோடு அந்தக் கடுங்குளிரைத் தொடர்புபடுத்தும் ஆய்வாளர்கள் உண்டு. எங்கோ கடல் நடுவே வெடித்த மலைக்கும் இந்தச் சந்து வீட்டுச் சுவருக்கும் இப்படி ஓர் உறவு. கோட்டின் பக்கத்தில் அக்காவை நிற்கவைத்து ஒரு படம் எடு. தண்ணீர் எவ்வளவு ஏறியது என்பது படத்தைப் பார்த்ததுமே புரியும்.

வெள்ளம் அந்த ஊருக்குப் பழங்கதை இல்லை. இன்றும் மைன் பொங்கினால் ஆற்றோரச் சந்துகளில் தண்ணீர் ஏறும். நடப்பதற்குத் தற்காலிக நடைமேடைகள் போடுவார்கள். கீழ்த்தளத்தைக் கல்லில் கட்டி, மேல்தளங்களை மரச்சட்டத்தில் எழுப்பிய பழைய வீடுகளையும் அந்தக் கண்ணோடு பார். சட்டங்களின் இடைவெளியை மண்ணும் வைக்கோலும் பிசைந்து அடைப்பது பழைய முறை. மரம் மரத்தோடு சேரும் மூட்டுகளில் இரும்பு ஆணி இருக்காது, மர முளைகள்தான். சில வீடுகளில் முளையின் தலை சட்டத்தைவிட்டு ஒரு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சந்தைச் சதுக்கத்தில் இரண்டு பெரிய வீடுகளுக்கு நடுவே ஒடுங்கி நிற்கும் ஒரு மரச்சட்ட வீடும் உண்டு, தவறவிடாதே.

சதுக்கத்துக்குப் பக்கத்திலேயே தேவதைக் கிணறு. 1574-இல் செந்நிற மணற்கல்லில் கட்டியது. உச்சியில் இரண்டு தேவதைகள் ஊரின் சின்னத்தைத் தாங்கி நிற்கும். அந்தச் செங்கல் நிறக் கல்லை நினைவில் வைத்துக்கொள். மலைமேல் இடிந்து நிற்கும் கோட்டையும் அதே கல். வெர்ட்ஹைம் பிரபுக்கள் பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொடங்கிய கோட்டை அது. முப்பதாண்டுப் போரில் 1634-இல் குண்டடி பட்டுப் பாழானது. மேலேறினால் இரண்டு ஆறுகளும் இரண்டு மாநிலங்களும் ஒரே பார்வையில் தெரியும். வழி செங்குத்து. கோட்டைக்குப் போகும் சிறு சுற்றுலா வண்டி அன்று ஓடினால் அக்காவை ஏற்றிக்கொண்டு போ. ஓடாவிட்டால் கோட்டையை விட்டுவிடு. கீழே பார்ப்பதற்கே நேரம் போதாது.

1384-இல் கட்டத் தொடங்கிய தேவாலயம் சதுக்கத்திலிருந்து எட்டும் தூரம்தான். உள்ளே பிரபுக்களின் கல்லறைச் சிற்பங்கள். தொப்பியைக் கழற்று; கைப்பேசியை மௌனமாக்கு. வழிபாடு நடந்தால் வாசலோடு திரும்பிவிடு. நம் கோவிலில் பூசை நேரத்தில் ஒருவன் குறுக்கே வந்து படமெடுத்தால் நமக்கு எப்படி இருக்கும்?

அடுத்து, கண்ணாடி அருங்காட்சியகத்தைக் கட்டாயம் பார். ஆற்றங்கரை ஊரில் கண்ணாடி எங்கிருந்து வந்தது என்று கேட்பாய். 1945 கோடையில் அமெரிக்கப் படைகள் ஜெர்மனியின் துரிங்கியா பகுதியை விட்டு விலக, அது சோவியத் பகுதியானது. அங்கே இல்மனாவ் வட்டாரம் ஆய்வகக் கண்ணாடிக்குப் பேர்போனது. அந்தக் கைத்திறன் தெரிந்தவர்கள் பலர் மேற்கே வந்து வெர்ட்ஹைமில் குடியேறினார்கள். வீட்டையும் பட்டறையையும் விட்டுவிட்டு வந்தவர்கள் கையில் இருந்தது தொழில் மட்டுமே. அதை வைத்து அந்த ஊருக்கு ஒரு தொழிலையே உண்டாக்கினார்கள். அருங்காட்சியகம் 1976-இல் திறந்தது. சுடர்முன் உட்கார்ந்து கண்ணாடி ஊதிக் காட்டுபவர் இருந்தால் பக்கத்தில் போய் நில். கண்ணாடிக் குழாயை நெருப்பில் வைத்து விரல்களால் உருட்டிக்கொண்டே இருப்பார். ஒரு நொடி நிறுத்தினாலும் இளகிய கண்ணாடி ஒரு பக்கம் தொங்கிவிடும். சுடர் மஞ்சளாக மாறி, குழாய் தளர்ந்ததும் வெளியே எடுத்து மெல்ல ஊதுவார். அங்கே ஒரு சிறு பொருள் வாங்கு. அக்கா பூசை அறையில் வைப்பாள்.

இன்னொன்றையும் தெரிந்துகொண்டு போ. அழகான ஊர்களுக்கும் இருண்ட பக்கம் உண்டு. வெர்ட்ஹைமில் யூதர்கள் நூற்றாண்டுகளாக வாழ்ந்தார்கள். அவர்களுடைய இடுகாடு 1406-இல் தொடங்கியது. பாடன் பகுதியின் யூதர்களை 1940 அக்டோபர் 22-ஆம் தேதி நாஜிகள் ரயிலேற்றி, பிரான்சின் தென்பகுதியிலுள்ள குர்ஸ் முகாமுக்கு அனுப்பினார்கள். வெர்ட்ஹைமில் மிச்சமிருந்தவர்களும் அதில் போனார்கள். பலர் அங்கிருந்து ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். மலர்த்தொட்டி வைத்த சன்னல்களைப் படமெடுக்கும்போது, அந்தச் சந்துகளில் யார் யார் நடந்தார்கள் என்பதும் உன் நினைவில் இருக்கட்டும். அத்தானிடமும் சொல்.

இனி நடைமுறை. கப்பலை விட்டு இறங்கும்போது அறை அட்டையையோ அவர்கள் தரும் அட்டையையோ மறக்காமல் காட்டு; யார் வெளியே இருக்கிறார்கள் என்று அதை வைத்துத்தான் கணக்கெடுப்பார்கள். புறப்படும் நேரத்துக்கு அரை மணி முன்னால் திரும்பிவிடு. ஆற்றுக் கப்பல் வழியில், கப்பலை மட்டம் ஏற்றி இறக்கும் நீர்த்தொட்டிகளைத் தன் முறை வரும்போது தாண்ட வேண்டும்; ஒருவருக்காகக் காத்திருக்காது. உங்கள் கப்பலுக்குப் பக்கத்தில் இன்னொரு கப்பல் ஒட்டிக் கட்டப்பட்டிருந்தால் அதன் வழியாகத்தான் கரைக்குப் போக வேண்டியிருக்கும்; எந்தக் கப்பல் உங்களுடையது என்பதை வாசலில் பெயர் பார்த்து மனதில் வாங்கிக்கொள்.

தரை முழுக்க உருளைக்கல் பாவியது. அக்காவுக்குச் செருப்பு வேண்டாம். பிடிமானமுள்ள காலணி வேண்டும். மைன் கரையிலும் டவ்பர் கரையிலும் நெடுந்தூர சைக்கிள் பாதைகள் போகின்றன. ஆற்றைப் பார்த்துக்கொண்டே அந்தப் பாதையில் நின்றுவிடாதீர்கள்; வேகமாக வருவார்கள். கொஞ்சம் சில்லறைக் காசு வை. கழிப்பறைக்குத் தேவைப்படும், சில சிறு கடைகளில் அட்டை வாங்க மாட்டார்கள். அன்று ஞாயிறாக இருந்தால் கடைகள் மூடியிருக்கும். திங்களில் அருங்காட்சியகங்கள் பலவும் மூடியிருக்கும், முன்பே பார்த்துவிடு. அவசரத்துக்கு 112.

அக்காவுக்கு மாமிசம் ஆகாதென்பதால் பேக்கரியே வழி. பிரெட்ஸல் ரொட்டி, ஆப்பிளோ பிளம்ஸோ வைத்த கேக், காபி போதும். கேட்டு வாங்கு, சிலவற்றில் பன்றிக்கொழுப்பு சேர்ந்திருக்கலாம். கப்பலில் சாப்பாட்டுக்குக் காசு கட்டியாயிற்றே என்று ஊரில் ஒன்றும் வாங்காமல் திரும்பாதே. ஒரு பெரிய ஆற்றுக் கப்பலில் நூற்றைம்பது பேருக்கு மேல் வருவார்கள். அத்தனை பேரும் தெருவை அடைத்து நடந்து, படமெடுத்து, ஒரு காபிகூடக் குடிக்காமல் கிளம்பினால் அந்த ஊருக்கு நம்மால் என்ன மிச்சம்? கடைக்குள் நுழைந்ததும் வணக்கம் சொல். அந்தப் பக்கத்தில் ‘கிரூஸ் கொட்’ என்பார்கள். கிளம்பும்போது நன்றி சொல். அந்த இரண்டு சொல்லுக்கு நல்ல பலன் கிடைக்கும். அந்தச் சந்துகள் மனிதர்கள் வசிக்கும் இடம். சன்னலுக்குள் கேமராவை நீட்டாதே.

பேருந்தில் போனால் மதியத்து ஆற்றையும் இழப்பீர்கள். வெர்ட்ஹைமை விட்டு ஆற்றின் எதிரோட்டத்தில் போனதும் ஐகல் என்ற இடத்தில் நீர்த்தொட்டி வரும். ரைன் நதியிலிருந்து பாம்பெர்க் வரை மைன் ஆற்றில் இப்படி 34 தொட்டிகள். தொட்டி பன்னிரண்டு மீட்டர் அகலம். இந்தப் பாதையின் பெரிய கப்பல்கள் பதினொன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. பக்கச் சுவருக்கும் கப்பலுக்கும் நடுவே ஒரு சாண் அளவுதான் இருக்கும். பின்கதவு மூடி, தண்ணீர் நிரம்பி, கப்பல் மெதுவாக மேலேறும். ஈரச் சுவர் கைக்கெட்டும் தூரத்தில் கீழே இறங்கிப் போகும். அத்தானை மேல்தளத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்த்தி வை. பாலங்கள் தாழ்வாக வரும் இடங்களில் மேல்தளத்தை மூடுவார்கள். அப்போது முன்பக்க அறைச் சன்னலோரம் இடம் பிடி. நாற்பது வருஷம் தண்ணீரைத் தேக்கித் திறந்த மனிதர் அவர். மகன் காட்டும் ஊர்களில் அவர் உள்ளம் உருகிப் பேசப்போவது அங்கேதான்.

ஆகவே மாப்பிள்ளை, பேருந்துக்கு நீ கொடுத்த பெயர்களை எடுத்துவிடச் சொல்லிக் கப்பல் நிறுவனத்துக்கு இந்த வாரமே எழுதிவிடு. அக்காவிடம் நானே பேசிவிட்டேன், அவளுக்குச் சம்மதம். அத்தானுக்குச் சொல்ல வேண்டியது உன் பொறுப்பு.

அன்புடன்,
உன் மாமா