கண்ணாடித் தொட்டிக் கடலைக் குடிபெயர்த்தல்

சித்தூரும் திருப்பதியும் மலைகள் சூழ்ந்த ஊர்கள். கடல் காண வேண்டுமாயின் கிழக்கே நெடுந்தொலைவு செல்ல வேண்டும். எனினும் சித்தூரில் என் மாமா வீட்டுக் கூடத்தில் ஒரு சிறிய கடல் இருந்தது. 200 லிட்டர் கொள்ளும் கண்ணாடித் தொட்டி அது. அதில் கோமாளி மீன்கள் இரண்டும், நீலநிற டாம்செல் மீன்கள் மூன்றும் நான்கு ஆண்டுகளாக வாழ்ந்து வந்தன.

மாமாவுக்குத் திருப்பதிக்கு மாற்றல் ஆயிற்று. ஏறத்தாழ 70 கிலோமீட்டர்ப் பயணம். விலங்கியல் மாணவன் என்ற உரிமையில் மீன்களைக் கொண்டு செல்லும் பொறுப்பை நான் ஏற்றேன். மீன்கள் பைகளில் நலமாகவே வந்து சேர்ந்தன. தொட்டியையும் கற்களையும் வடிகட்டிப் பஞ்சையும் குழாய் நீரில் பளிச்சென்று கழுவச் செய்தேன். புதிய உப்புநீர் நிரப்பி மீன்களை விட்டோம். மூன்றாம் நாள் காலையில் ஐந்தும் இறந்து மிதந்தன. நீரோ பளிங்குபோல் தெளிந்திருந்தது.

“நீதானே தம்பி பிராணிகளைப் பற்றிப் படிக்கிறாய்? ஏன் செத்தன, சொல்” என்று அத்தை கேட்டார்கள். அன்று என்னால் விடை கூற இயலவில்லை. பின்னர்க் கற்றறிந்த விடையையே இங்கு எழுதுகிறேன்.

கண்ணுக்குத் தெரியாத குடிகள்

மீன் தன் கழிவின் பெரும்பகுதியைச் செவுள் வழியே அம்மோனியாவாக வெளியிடுகிறது. பரந்த கடலில் அது கரைந்து மறைந்துவிடும். தொட்டியிலோ தேங்கி நஞ்சாகும். இந்நஞ்சை நாள்தோறும் அகற்றுபவை நுண்ணுயிர்கள். ஒருவகை நுண்ணுயிர் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். மற்றொருவகை நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றும். இவ்வினையைப் புரியும் நுண்ணுயிர்களை 1890-ஆம் ஆண்டையொட்டி ருஷிய அறிஞர் செர்கேய் வினோகிராட்ஸ்கி பிரித்தெடுத்துக் காட்டினார்.

இவை நீரில் மிதந்து திரிபவை அல்ல. கல்லின் துளைகளிலும் மணலிலும் வடிகட்டிப் பஞ்சிலும் ஒட்டி வாழ்பவை. இவை பெருகுவதும் மெதுவாகவே. குடலில் வாழும் சில நுண்ணுயிர்கள் இருபது நிமிடத்தில் இரட்டிக்கும். இவற்றுக்கோ ஏறத்தாழ ஒரு நாள் வேண்டும். புதிய தொட்டியில் இவை நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும்.

இனி என் பிழை விளங்கும். குளோரின் கலந்த நன்னீரால் நான் கழுவியது அழுக்கை அன்று. நான்கு ஆண்டுகளாக அம்மீன்களைக் காத்து வந்த குடிகளையே கழுவி விட்டேன். மீன்களைக் கொண்டு வந்தேன். அவற்றின் ஊரைக் கொண்டு வரவில்லை.

பயணத்திற்கு முன்

தொட்டிக்குரிய கடல் உப்புக் கலவையை ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் வீதம் தூய நீரில் முதல் நாளே கரைத்து வைக்க வேண்டும். சமையல் உப்பு ஆகாது. கடல்நீரிலுள்ள மக்னீசியமும் கால்சியமும் அதில் போதிய அளவு இல்லை. மீன்களுக்கு ஒரு நாள் உணவு நிறுத்துவது நலம், கழிவு குறையும்.

கற்களையும் பஞ்சையும் கழுவாமல், பழைய தொட்டிநீர் நிறைந்த வாளிகளில் மூழ்க வைத்து, பேட்டரியால் இயங்கும் காற்றுக் குழாயை இட வேண்டும். அந்நுண்ணுயிர்களுக்கும் பிராணவாயு வேண்டும். கடல்நீரில் பிராணவாயு நன்னீரைவிடக் குறைவாகவே கரையும்; வெப்பம் ஏற ஏற இன்னும் குறையும். ஆதலின் கோடையில் பகற்பயணம் வேண்டா, விடியற்காலையே ஏற்றது. 2005-இல் காத்ரீனாப் புயலின்போது அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து மீன் காட்சியகத்தில் மின்சாரம் அற்றுப்போகவே, ஆயிரக்கணக்கான மீன்கள் மடிந்தன. கட்டடம் நின்றது, நீரும் நின்றது. நீருக்குக் காற்றூட்டும் கருவிகளே ஓய்ந்தன.

மணலின் அடியில் தேங்கிய கசடு கலங்கினால் நச்சு வாயு வெளிப்படும். அதனை உப்புநீரில் அலசியே மீண்டும் இடுக. மீன் பைகளில் ஒரு பங்கு நீரும் இரு பங்கு பிராணவாயுவும் அடைத்து, தெர்மாக்கோல் பெட்டியில் இருட்டாக வைத்திடுக. தொட்டியை முற்றும் வடித்த பின்னரே தூக்க வேண்டும். 200 லிட்டர்க் கடல்நீர் மட்டுமே 205 கிலோ எடையாகும்.

சேர்ந்த பின்

முதலில் தொட்டி, பிறகு மணல், கல், பழைய நீர், குறைக்குப் புதிய நீர், வடிகட்டி, மீன் கடைசியில். கட்டிய பைகளைக் கால்மணி நேரம் நீரில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன் செய்க. பையைத் திறந்தபின் தாமதம் கூடாது. பைக்குள் மீன் விட்ட கரியமிலவாயு நீரைச் சற்றுப் புளிப்பாக்குவதால் அம்மோனியாவின் நஞ்சு அடங்கியிருக்கும். திறந்ததும் அவ்வாயு வெளியேற, நஞ்சு மீண்டும் கடுமையாகும். ஆகவே மீனை மட்டும் வலையில் எடுத்துத் தொட்டியில் விட்டு, பை நீரைக் கொட்டிவிடுக. இரு வாரம் உணவைக் குறைத்து, அம்மோனியாவைச் சோதித்து வருதல் வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. தொட்டிக்குக் கல் வேண்டுமென்று பவளப்பாறையை வாங்காதீர். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளங்கள் இடம்பெற்றுள்ளன. சுட்ட மண்ணாலான துளைக் கற்களே அந்நுண்ணுயிர்களுக்குப் போதும். கோமாளி மீன்களையும் கடலில் பிடிக்க வேண்டியதில்லை. பறங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வு மையத்தில் அவற்றைக் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்த்துள்ளனர்.

சென்ற ஆண்டு மாமா திருப்பதியிலேயே வேறு வீட்டிற்குக் குடிபெயர்ந்தார். புதிதாக வாங்கி வளர்த்த இரு கோமாளி மீன்கள் அப்போது தொட்டியில் இருந்தன. இம்முறை பாசி படிந்த கற்களை ஈரம் உலராமல் வாளியில் சுமந்து சென்றேன். “இவ்வளவு அழுக்கையும் ஏன் சுமக்கிறாய்?” என்றார்கள் அத்தை. முன்பு கேட்ட கேள்விக்கு அன்றுதான் விடை கூறினேன். அவ்விரு மீன்களும் இன்றும் அக்கூடத்தில் நீந்துகின்றன.