ஒரு வேலைக்கு ஒரு ஏஜென்ட்

ஏஜென்ட் என்றவுடன் நமக்கு எல்.ஐ.சி. ஏஜென்ட், டிராவல் ஏஜென்ட் ஆகியோர்தான் நினைவுக்கு வருவார்கள். நம் சார்பில் நமக்காக வேலையை முடித்துத் தருபவர் ஏஜென்ட். கம்ப்யூட்டரில் இப்போது அதிகம் பேசப்படும் ஏ.ஐ. ஏஜென்டும் அப்படித்தான்.

சாதாரண சாட் புரோகிராமிடம் கேள்வி கேட்டால் பதில் தரும். அந்தப் பதிலை வைத்து நாம்தான் வேலை செய்ய வேண்டும். ஏஜென்ட் அப்படி இல்லை. அதுவே உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள பைலைத் திறக்கும், வரிகளை மாற்றும், புரோகிராமை இயக்கிப் பார்க்கும், எரர் வந்தால் மீண்டும் திருத்தும். சாப்ட்வேர் எழுதுபவர்கள் இதை இன்று தினமும் பயன்படுத்துகிறார்கள். நானும் அவர்களில் ஒருவன். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, சிறிய புரோகிராம் ஏதாவது எழுதிப் பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கும் இது கைகொடுக்கும். ஆனால் ஏஜென்டிடம் எதைக் கொடுக்க வேண்டும், எதைக் கொடுக்கக் கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாமல் நான் பட்ட பாட்டை முதலில் சொல்கிறேன்.

சித்தப்பாவின் கடன் நோட்டு

என் சித்தப்பா மளிகைக் கடை வைத்திருக்கிறார். வாடிக்கையாளர்களின் கடன் கணக்கைப் பார்க்க அவருக்கு ஒரு சிறிய புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு தவறு இருந்தது. 340 ரூபாய் பாக்கி உள்ளவர் 500 ரூபாய் கொடுத்தால், மீதி 160 ரூபாய் அவர் பெயரில் முன்பணமாக நிற்க வேண்டும். என் புரோகிராமோ பாக்கியைப் பூஜ்யம் ஆக்கிவிட்டு 160 ரூபாயை மறந்துவிட்டது.

இதுபோன்ற தவறுகளைக் கண்டுபிடிக்க, புரோகிராமுடன் டெஸ்ட் எனப்படும் சோதனைகளையும் எழுதி வைப்போம். "340 பாக்கி, 500 வரவு, விடை 160 முன்பணம்" என்பது ஒரு டெஸ்ட். புரோகிராம் தரும் விடை இதனுடன் பொருந்தினால் பாஸ், இல்லாவிட்டால் பெயில்.

ஒரு ஏஜென்டிடம் முழு போல்டரையும் கொடுத்து, "எல்லா டெஸ்டும் பாஸ் ஆகும்படி செய்" என்றேன். சில நிமிடங்களில் 14 டெஸ்டும் பாஸ் என்று பதில் வந்தது. மகிழ்ச்சியுடன் கடையில் நிறுவிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்துச் சித்தப்பா போன் செய்தார். பக்கத்துத் தெருப் பாட்டி ஒருவர் 160 ரூபாய் முன்பணம் வைத்திருந்தார். அதன் பிறகு 200 ரூபாய்க்குச் சாமான் வாங்கினார். பாக்கி 40 ரூபாய்தான். கம்ப்யூட்டர் 200 ரூபாய் கேட்டது. பாட்டி தன் சிறு நோட்டைக் கொண்டுவந்து காட்டிவிட்டார். கடையில் நாலு பேர் முன்னால் சித்தப்பா மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. "நோட்டுல எழுதினப்போ இப்படி ஆனதில்லையேடா" என்றார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்து பைல்களைப் பார்த்தேன். ஏஜென்ட் புரோகிராமைத் திருத்தவே இல்லை. டெஸ்டில் இருந்த 160 என்ற விடையை 0 என்று மாற்றியிருந்தது! மாணவன் கணக்கைச் சரியாகப் போடுவதற்குப் பதில், வாத்தியார் வைத்திருந்த விடைத்தாளைத் திருத்திய கதைதான்.

தவறு யார் மேல்?

நான் கேட்டது "டெஸ்ட் பாஸ் ஆக வேண்டும்" என்பதுதான். ஏஜென்ட் அதைச் செய்துவிட்டது. புரோகிராம், டெஸ்ட் இரண்டையும் மாற்றும் உரிமையை அதற்குக் கொடுத்தது நான். டெஸ்டுக்காகக் குறுக்கு வழி தேடும் இந்தக் குணம் ஏ.ஐ. மாடல்களில் இருப்பதை அவற்றைத் தயாரிப்பவர்களே தங்கள் ஆவணங்களில் எழுதியிருக்கிறார்கள். எனவே எல்லா வேலையையும் ஒரே ஏஜென்டிடம் கொடுக்காமல், ஒவ்வொரு வேலைக்கும் தனி ஏஜென்ட் அமைப்பதே நல்லது.

ஏஜென்டுக்குத் தரும் கருவியை வரையறுத்தால் வேலை நன்றாக நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2024ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் எஸ்.டபிள்யூ.இ. ஏஜென்ட் என்ற ஒன்றை வெளியிட்டார்கள். அதற்கு ஒரு பைலில் ஒரே சமயத்தில் 100 வரிகள் மட்டுமே காட்டப்பட்டன. ஒரு வரியைத் திருத்தும்போது இலக்கணப் பிழை இருந்தால் அந்தத் திருத்தம் அப்போதே நிராகரிக்கப்பட்டது. உண்மையான சாப்ட்வேர்களில் இருந்து எடுத்த 2,294 பிரச்னைகள் கொண்ட சோதனையில் அது 12.5 சதவீதத்தைத் தீர்த்தது. இன்றைய ஏஜென்டுகள் அதைத் தாண்டிப் போய்விட்டன. ஆனால் அன்று அது பெரிய முன்னேற்றம்.

தனி ஏஜென்ட் அமைப்பது எப்படி?

நான் இப்போது பயன்படுத்தும் கிளாட் கோட் என்ற சாப்ட்வேரை வைத்து விளக்குகிறேன். ஆந்த்ரோபிக் நிறுவனம் 2025ஆம் ஆண்டு வெளியிட்டது இது. கட்டணம் உண்டு. துணை ஏஜென்டுகளை அமைக்கும் வசதி இதில் அதே ஆண்டு ஜூலையில் வந்தது. ஒரு துணை ஏஜென்ட் என்பது ஒரு சாதாரண டெக்ஸ்ட் பைல்தான். நோட்பேடிலேயே எழுதலாம்.

1. உங்கள் புரோகிராம் உள்ள போல்டருக்குள், புள்ளியில் தொடங்கும் கிளாட் என்ற போல்டரையும், அதற்குள் ஏஜென்ட்ஸ் என்ற போல்டரையும் உருவாக்கவும். பெயர்கள் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் இருக்க வேண்டும்.

2. நோட்பேடில் புதிய பைல் திறந்து, முதல் வரியில் மூன்று சிறு கோடுகள் இடவும். அடுத்தடுத்த வரிகளில் நேம், டிஸ்கிரிப்ஷன், டூல்ஸ் என்ற மூன்று தலைப்புகளை ஆங்கிலத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் முக்காற்புள்ளி இட்டு விவரம் தரவும். பிறகு மீண்டும் மூன்று கோடுகள்.

3. அதன் கீழே ஏஜென்ட் என்ன செய்ய வேண்டும் என்று எழுதவும். இதைத் தமிழிலேயே எழுதலாம்.

4. சேவ் செய்யும்போது எம்.டி. என்ற எக்ஸ்டென்ஷன் தரவும். சேவ் ஆஸ் டைப் என்ற இடத்தில் ஆல் பைல்ஸ் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். இல்லாவிட்டால் நோட்பேட் பின்னால் டி.எக்ஸ்.டி. என்று ஒட்டிவிடும். ஏஜென்ட் வரவில்லையே என்று நீங்கள் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

5. கிளாட் கோடை மூடிவிட்டு மீண்டும் தொடங்கவும்.

டிஸ்கிரிப்ஷன் வரியைக் கவனமாக எழுதுங்கள். எந்த வேலையை எந்தத் துணை ஏஜென்டிடம் அனுப்புவது என்று முதன்மை ஏஜென்ட் இதைப் படித்துத்தான் முடிவு செய்கிறது. "உதவி செய்பவர்" என்று எழுதினால் பயனில்லை. "கணக்குப் பகுதியை மாற்றியவுடன், விதிகளோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பவர்" என்று எழுதுங்கள்.

டூல்ஸ் வரி இன்னும் முக்கியம். ரீட் என்பது பைலைப் படிக்கும். கிரெப் பைல்களுக்குள் சொல்லைத் தேடும். குளோப் பைலைப் பெயரால் தேடும். எடிட், ரைட் இரண்டும் பைலை மாற்றும். பாஷ் கட்டளைகளை இயக்கும். டூல்ஸ் வரியை எழுதாமல் விட்டால் எல்லாக் கருவிகளும் கிடைத்துவிடும். எனவே விடாதீர்கள்.

என்னிடம் உள்ள இருவர்

முதல் ஏஜென்ட் திருத்துபவர். படிக்க, திருத்த, இயக்க இதற்கு அனுமதி உண்டு. "டெஸ்ட் போல்டரைத் தொடாதே. டெஸ்ட் தவறு என்று தோன்றினால் நிறுத்திவிட்டு என்னிடம் சொல்" என்று இதில் எழுதியிருக்கிறேன்.

இரண்டாவது ஏஜென்ட் சரிபார்ப்பவர். இதற்கு ரீட், கிரெப், குளோப் மட்டும். எதையும் மாற்ற இதற்கு வழியே இல்லை. கடையின் விதிகளை நான் என் கையால் ஒரு தனி டெக்ஸ்ட் பைலில் எழுதி வைத்திருக்கிறேன். 340, 500, 160 என்ற உதாரணமும் அதில் உண்டு. விதி, டெஸ்ட், புரோகிராம் மூன்றும் ஒத்துப் போகின்றனவா என்று பார்த்து, பொருந்தாத இடங்களைப் பட்டியலிடுவது மட்டுமே இதன் வேலை.

துணை ஏஜென்ட் ஒவ்வொன்றும் தனியாக, புதிதாகத் தொடங்குகிறது. முதன்மை ஏஜென்டுடன் நீங்கள் பேசியது அதற்குத் தெரியாது. இதில் நன்மை உண்டு. திருத்தியவரின் சாக்குகள் எதையும் கேட்காமல் சரிபார்ப்பவர் பார்க்கிறார். ஆனால் தேவையான விவரம் முழுவதையும் அதன் பைலிலேயே எழுதிவிட வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. பாஷ் கொடுத்துவிட்டால் "தொடாதே" என்பது வெறும் வேண்டுகோள்தான். கட்டளை மூலம் எந்தப் பைலையும் மாற்ற முடியும். எனவே கிட் என்ற இலவச சாப்ட்வேரில் பைல்களைப் பதிந்து வையுங்கள். கிட் டிஃப் என்ற கட்டளை, நீக்கிய வரிகளைக் கழித்தல் குறியுடனும் சேர்த்த வரிகளைக் கூட்டல் குறியுடனும் காட்டும். டெஸ்ட் போல்டரில் ஒரு வரி மாறியிருந்தாலும் ஏன் என்று கேளுங்கள். நான் அன்று இதை ஒரு நிமிடம் பார்த்திருந்தால் பாட்டியிடம் 200 ரூபாய் கேட்டிருக்க மாட்டோம்.

எல்லாவற்றுக்கும் இது தேவையா? இல்லை. ஒரு பைலில் நான்கு வரி மாற்ற ஒரே ஏஜென்ட் போதும். ஏஜென்ட் கூடக் கூடக் கட்டணமும் கூடும். பணம், மருந்து, மார்க் என்று பிறர் நம்பியிருக்கும் கணக்கு வரும்போது மட்டும் செய்பவரையும் சரிபார்ப்பவரையும் பிரித்துவிடுங்கள்.

அந்தத் தவறைத் திருத்திக் கொடுத்த பிறகு சித்தப்பா மீண்டும் புரோகிராமைப் பயன்படுத்துகிறார். ஆனால் இரவு கடையை மூடும் முன் பத்துப் பேர் கணக்கை மட்டும் பழைய நோட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நீங்களும் முதலில் சரிபார்ப்பவர் ஒருவரை அமைத்துப் பாருங்கள். உங்கள் பழைய புரோகிராம் ஒன்றைக் கொடுத்து அது என்ன கண்டுபிடிக்கிறது என்று பாருங்கள். எதையும் மாற்றாது என்பதால் பயமின்றிப் பழகலாம்.