மடிநோய்க்கு மஞ்சளும் கற்றாழையும்

கறவைப் பசுவுக்கு மடி வீங்கி, பால் திரிந்து வருகிறது. ஊசி போட்டால் சில நாள் பால் ஊற்ற முடியாது என்கிறார்கள். வேறு வழி உண்டா?
– வாசகர் ஒருவர், மேல்மலையனூர்

உண்டு, அதுவும் வேலியோரத்திலேயே முளைத்து நிற்கிறது. மடிநோய் எனப்படும் பால்மடி அழற்சிக்கு, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மூலிகை ஆய்வுகளின்வழி பேராசிரியர் புண்ணியமூர்த்தி வகுத்த முறையைத் தேசிய பால்வள வாரியமும் ஏற்றுப் பரப்பி வருகிறது. 250 கிராம் சோற்றுக்கற்றாழை மடலை முள் சீவித் தோலோடு நறுக்கி, 50 கிராம் மஞ்சள்தூளும் 15 கிராம் சுண்ணாம்பும் சேர்த்து அரைத்தால் விழுது செந்நிறமாகும். கெட்ட பாலை முழுவதும் பீய்ச்சி மடியைக் கழுவியபின், ஒரு கைப்பிடி விழுதை நீரில் கரைத்து மடி முழுவதும் பூச வேண்டும். காலை, மாலை இருவேளை பூசிவிட்டு 'கேட்கவில்லை' என்பதில் பயனில்லை. நாளொன்றுக்குப் பத்து முறை, ஐந்து நாள் என்பதே கணக்கு.

ஊசியில் போடும் நுண்ணுயிர்க்கொல்லி, அதாவது கிருமிகளை அழிக்கும் மருந்து, பாலில் சில நாள் தங்குவதோடு, அதன் ஒரு பகுதி சாணம், மூத்திரம் வழியே எருக்குழிக்கும் அங்கிருந்து கடலைக்கொல்லைக்கும் சென்று, மண்ணிலுள்ள கிருமிகள் அம்மருந்துக்கே அசையாத எதிர்ப்பாற்றல் பெறத் துணைபோவதால், அதைத் தேவைக்கு மட்டும் பயன்படுத்துவது பசுவுக்கும் நிலத்துக்கும் ஒருசேர நல்லது.

பீய்ச்சிய கெட்ட பாலைத் தொழுவத் தரையில் விடலாகாது. அது அடுத்த மாட்டுக்கும் நோயைப் பரப்பும். காய்ச்சல் கண்டு தீவனத்தைத் தொடாத மாடாயின், கைவைத்தியத்தோடு நில்லாமல் 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால், நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வீட்டு வாசலுக்கே வரும்.